சுவரொட்டியில் முந்நூறு பவுண்டு

சுவரொட்டியில் அவன் முந்நூறு பவுண்டு.
அது என்றைக்கும் பொய்தான்.
இருநூற்று அறுபத்திரண்டு என்பது
என் முதுகுத்தண்டுக்குத் தெரியும்.

பத்தொன்பது குளிர்காலமாக
வெண்டெல் ப்ரோகோப்சுக்கைத் தூக்கிப் போடுகிறேன்.
மேனிட்டோபாவின் வடக்கே
கர்லிங் கூடங்களில், படைவீரர் மன்றங்களில்,
ஒருமுறை டாஃபினில் தேவாலயத்தின் நிலவறையில்.
அங்கே கூரை தாழ்வு. பாதிதான் தூக்க முடிந்தது.
மீதியைச் சனங்களே பார்த்துக்கொண்டார்கள்.

மேடையில் அவன் சைபீரியக் கரடி.
பிறப்பில் உக்ரேனியன்,
வசை வாங்குவது ரஷ்யனாக.
டாஃபினில் அவனுடைய சொந்தச் சித்திகள்
முன்வரிசையில் எழுந்து நின்று
அவனுடைய மொழியிலேயே திட்டித் தீர்த்தார்கள்;
முடிந்ததும் உருளைக்கிழங்கு வைத்த வரேனிகியைப்
பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள், இரண்டு பேருக்கும்.

நான் நல்லவன்.
லாஃப்ராம்புவாஸ் என்ற பெயர் நீளம் என்று
முதலாளி ஹோம்ஸ்ட்ராண்ட் 'செந்நதி இடி' ஆக்கினார்.
இடிக்கு அறுபது டாலர்.
கரடிக்கு நாற்பது.
ஜெயிப்பவனுக்குத்தான் கூலி அதிகம்;
விழுகிறவனுக்குத்தான் எலும்பு தேய்கிறது என்பது
அவர் நோட்டுப் புத்தகத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை.
வண்டியில் ஏறியதும் ஐம்பது ஐம்பதாகப் பிரித்துக்கொள்வோம்.

தூக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு.
தூக்கப்படுகிறவனும் எம்ப வேண்டும்.
என் இடுப்பில் கை ஊன்றி,
நான் மூச்சை இழுக்கும் அதே நொடியில்
அவன் பாதம் தரையை உதைக்கும்.
இரண்டு பேர் சேர்ந்துதான்
ஒருவனைத் தூக்குகிறோம்.
பெண்டாட்டியிடம்கூட
இப்படி ஒரு மூச்சு எனக்கு அமையவில்லை.
அவளே சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஃபிளின் ஃபிளானில், சனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
உள்ளே நூற்றுப் பதினோரு பேர், கோட்டைக் கழற்றாமல்.
வழக்கமான இடத்தில் குனிந்தேன், பிடித்தேன்,
நிறைகுடம் என்று நினைத்து
வெறுங்குடத்தை வெடுக்கென்று தூக்கியவன் போல
பின்னால் தடுமாறினேன்.
அவன் என் தலைக்கு மேலே.
என் தோள் இன்னும் பாரத்துக்குக் காத்திருந்தது.

கீழே போட்டு, கழுத்தைக் கக்கத்தில் இடுக்கி,
காதோடு கேட்டேன்:
"ஏன்டா இப்படி எம்பினே?"

"எம்பவே இல்லை," என்றான்.

முன்வரிசைப் பையன் ஒருவன்
சோளப்பொரி தெறிக்கக் கத்தினான்:
"கொல்லு! அவனைக் கொல்லு!"

மருத்துவர் மூன்று வாரம் கழித்துச் சொன்னார்.
படம் எடுத்து, ரத்தம் எடுத்து,
கணையம் என்ற சொல்லை எடுத்து.
நான் வாய் திறக்கவில்லை.
எனக்கு முன்பே தெரியும் என்பது
யாரிடம் சொல்லிக்கொள்ளக்கூடிய பெருமை?

நிறுத்து என்றேன்.
"நிறுத்திவிட்டு? டயர் கடையில் உட்காரவா?
ஸ்வான் ரிவர், தி பாஸ், இரண்டும் ஒத்துக்கொண்டாச்சு."

ஸ்வான் ரிவரில் நான் செய்ததுதான்
இந்தத் தொழிலில் நான் செய்த முதல் நடிப்பு.
அடிக்காததை அடித்ததாகக் காட்டுவது பழக்கம்;
இது வேறு.
முழங்காலை நடுங்க விட்டேன்.
கழுத்து நரம்பைப் புடைக்கவைத்தேன்.
ஒருமுறை தூக்க முடியாமல் விட்டேன், வேண்டுமென்றே.
கூடம் 'ஓ' என்றது.
இரண்டாம் முறை, அங்குலம் அங்குலமாக,
மலையைப் பெயர்ப்பவன் போல
ஒரு போர்வையை உயர்த்தினேன்.

மேலே, தலைகீழாக,
அவன் சிரித்தான். எனக்கு மட்டும் தெரிகிற பக்கம்.
"போதும்டா, அதிகமா நடிக்கிறே."

போடுகிற இடத்தில்
போடவில்லை நான். வைத்தேன்.
யாரும் கவனிக்கவில்லை,
அவனைத் தவிர. கெட்டவார்த்தை சொன்னான்.

திரும்பும் வழியெல்லாம் பனி.
ஹீட்டர் அவன் பக்கம் மட்டும் திருப்பியிருந்தது.
லாரி எடைமேடை இருட்டில், மூடியிருந்தது.
தூங்கிவிட்டான் என்று நினைத்து
ஒரு இருபது டாலர் தாளை
அவன் கோட்டுப் பைக்குள் சேர்த்துச் செருகப் போனேன்.

கண்ணைத் திறக்காமல் சொன்னான்:
"ஐம்பது."